சுங்கை சிப்புட் தோட்டத்து நினைவுகளைப் பதிவு செய்தபோது: அனுபவப் பகிர்வு

சுங்கை சிப்புட்டிலிருந்து (மலேசியா, பேராக் மாநிலம்):

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரப்பிள்ளை பிறந்திருந்த சமயம் மகள் வீட்டில், லாஸ் வேகஸ் நகரில், மூன்று மாதம் தங்கியிருந்தேன். 1905 மே மாதம் இரயில் நிறுவனம் பாலைவனத்து நிலத்தை ஏலம் விட்டதில் பிறந்த ஊர் அது. 1950 இல் இருபத்தைந்தாயிரம் பேர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் 641,903 பேர். பழைய விடுதிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு அதே இடத்தில் புதியவற்றை எழுப்புகிற ஊர் என்பதால், பழைய செய்திகளைத் தேடிப் போகிறவர் பழைய மனிதர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ரால்ஃப் ரோஸ்கி, 1970களிலேயே தம் மாணவர்களை நெடுநாள் குடியிருந்தவர்களின் வீடுகளுக்கு அனுப்பி, அவர்கள் சொன்னதை ஒலிநாடாவில் பதியச் செய்தார். அவை இன்றும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன.

அந்நகரின் மேற்குப் பகுதியில் குடியேறிய கறுப்பின மக்களில் பலர், ஃபோர்டைஸ், டலூலா என்னும் இரண்டு தென்மாநிலச் சிற்றூர்களிலிருந்து, முன்னே போனவர் கூப்பிடப் பின்னே உறவினர் வந்து சேர்ந்தவர்கள் என்று அறிந்தபோது, தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து மேய்த்த நம் கங்காணிகள் தங்கள் ஊருக்கே போய் ஆள் கூட்டி வந்த கதை நினைவுக்கு வந்தது. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கிடைத்தது என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரிசையில் யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருந்தார் என்று கேட்டால், பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கிராமமே தெரியும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஊர் திரும்பியதும், நான் பிறந்த தோட்டத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) புத்தகங்களைக் கேட்டுப் போனேன். கித்தா (இரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்டபின், ஆபீசைக் காலி செய்து, கிராணிகள் (தோட்டத்து எழுத்தர்கள்) பல ஆண்டுகளாக எழுதி வைத்த பெயர்களையெல்லாம் இரண்டு நாள்களுக்கு முன்புதான் பின்புறத்தில் போட்டு எரித்திருந்தார்கள். சாம்பலுக்குள் ஒரு புத்தகத்தின் தடித்த முதுகு மட்டும் எரியாமல் கிடந்தது. அதை எடுத்து வந்து வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு மனிதர்களிடம் போனேன். முதலில் பார்த்தது பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியை. "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று நான் தொடங்கியது தவறு. "எனக்கு என்ன வரலாறு இருக்கு, வாத்தியாரே? மரம் வெட்டினேன், புள்ள வளத்தேன்" என்று முடித்துவிட்டார். மறுவாரம் போய், லயத்தில் உங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று மட்டும் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். 1948 ஜூன் மாதம் எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தது என்று நாம் படித்திருக்கிறோம். அவருக்கு அது முள்வேலி வாசலில் தம் தாயை நிறுத்திச் சோதித்த காலம். "காட்டுல இருக்கவங்களுக்குக் குடுத்துருவோம்னு, வெட்டுக்குப் போறப்ப ஒரு பிடி சோறுகூட எடுத்துட்டுப் போக விடமாட்டான். அம்மா பசியோட திரும்பி வரும்."

பிறந்த நாளைக் கேட்டதற்கு, "ஜப்பான்காரன் காலம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்" என்றார். மைலோ டின்னில் மடித்து வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதம் இருந்தது. ஐசியில் (அடையாள அட்டையில்) அவருடைய பெயரே வேறு எழுத்துகளில் இருந்தது. மூன்றையும் உள்ளபடியே குறித்துக்கொண்டேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது பதிவு செய்பவரின் வேலையன்று.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் பேச்சை முதலில் நல்ல எழுத்துத் தமிழில் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவருடைய பேத்தி படித்துவிட்டு, "இது எங்க பாட்டி பேசுற மாதிரியே இல்லையே, சார்" என்றாள். அன்றிரவே ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதினேன். இப்படிப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பழைய படங்களின் பின்னால் பெயர் எழுதுவோர் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்க முகத்தைக் கெடுத்துவிடும்.

குளுவாங்கிலிருந்து (ஜொகூர் மாநிலம்) மறுமொழி:

ஐயா, நீங்கள் சொன்ன பக்கத்து வீட்டுக் கேள்வி எங்கள் தாத்தாவிடமும் பலித்தது. அவர் ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியன்மார்) இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு உயிரோடு திரும்பியவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் மாண்ட தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, எங்கள் குடும்பத்தில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னோர்க்குப் படைக்கும்போது, தம் லயத்திலிருந்து உடன் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வீட்டு வரிசைப்படி தாத்தா சொல்லுவார். 1994 இல், அவர் இறப்பதற்கு முந்தைய தீபாவளியன்று, அதை ஒலிநாடாவில் பதிந்தேன். பத்துப் பெயர்களைத் தடங்கலின்றிச் சொன்னவர், பதினோராவது வீட்டில் நின்றுவிட்டார். வெகுநேரம் கழித்து, "கோடி வீட்டுக் கிழவி மகன். கூடவே படுத்திருந்தான், பேரு வரமாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்ன பெயர்களை எழுதி வைத்திருக்கும் நோட்டில், கடைசி வரியில் "கோடி வீட்டுக் கிழவி மகன்" என்றே எழுதியிருக்கிறேன்.