அப்பாவின் தறி நாடா உளுத்துப்போகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம்ங்க. அப்பா சேலம் அம்மாபேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். அவர் போய் 4 வருஷம் ஆகிறது. தறியை விறகுக்குக் கொடுத்துவிட்டோம், குழியை மூடி டைல்ஸும் போட்டாயிற்று. (டைல்ஸ் போட்டது நான்தான், யாரைக் குறை சொல்ல?) மிஞ்சியது ஒரு நாடா, அதாவது தறியில் குறுக்கு நூலைக் கொண்டு இங்கும் அங்கும் ஓடும் மரக்கட்டை. அதற்குள் இருக்கும் தாரில் (நூல் சுற்றிய குச்சி) கொஞ்சம் பட்டு நூல் இன்னும் இருக்கிறது, அம்மா ராட்டையில் சுற்றிக் கொடுத்தது.

தார் மாற்றும்போது நாடாக் கண்ணில், அதாவது நூல் வெளியே வரும் துளையில், நூல் கோர்க்க அப்பா வாயை வைத்து ஒரே உறிஞ்சுதான், நூல் வெளியே வந்து நிற்கும். அந்தக் கண்ணைச் சுற்றி மரம் வழவழவென்று, லேசான வெற்றிலைக் கறையோடு இருக்கும். போன வாரம் எடுத்துப் பார்த்தால் அடியில் ஊசிமுனைத் துளைகள், பீரோ தட்டில் மாவு மாதிரி தூள். வீட்டில் வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைக்கச் சொல்கிறார்கள். அடித்தால் அந்தக் கறை என்ன ஆகும்?

மரவேலை: வார்னிஷ் வேண்டாம் தம்பி. உள்ளே இருக்கும் புழு அதில் சாகாது, அடிக்குமுன் மரத்தைத் தேய்த்தால் கறைதான் போகும். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்துக் கட்டி, ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். மியூசியங்களிலும் குளிரில் வைத்துத்தான் பூச்சியைக் கொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் போகட்டும். இல்லையென்றால் மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். ஷோகேஸ் ஜன்னல் பக்கம் வேண்டாம், வெயில் பட்டால் பட்டு நூல் இற்றுப்போகும்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா: உங்களிடம் நாடாவாவது இருக்கிறது. அம்மாவின் கொலுசைப் பழைய வெள்ளிக்குப் போட்டுப் புதுசு வாங்கினேன். திருகாணி தேய்ந்து, நூல் சுற்றிப் போட்டிருந்தார். கடையில் அந்த நூலை அறுத்துவிட்டுத்தான் எடை போட்டார்கள்.

பழைய தறிக்காரன்: ஒரு சந்தேகம். வெண்பட்டு நெய்கிறவர் வெற்றிலை போட்டாரா? நூலில் படாதா?

கேட்டவன்: சரியாகப் பிடித்தீர்கள் ஐயா. சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் குழியில் இறங்குவார். ஒரு சாயங்காலம் மறந்துவிட்டார். வேட்டியில் மிளகளவு சிவப்பு. முதலாளி எடுக்கவில்லை, கூலியிலும் பிடித்துக்கொண்டார். அந்த வேட்டியைத்தான் என் கல்யாணத்துக்குக் கட்டினேன், கறை உள்மடிப்பில்.

நாடா இன்று காலை ஃப்ரீசருக்குள் போய்விட்டது, மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.