ருமேனியாவில் முட்டை எழுதப் போய் அசடு வழிந்த கதை

ருமேனியா என்றாலே எல்லாரும் டிராகுலா கோட்டையைப் பற்றியே சொல்கிறீர்கள், நான் ஒரு முட்டையைப் பற்றிச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வடக்கு ருமேனியாவில் புக்கோவினா பக்கம் சோக்கநெஷ்டி என்ற ஊரில் தங்கியிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டி அடுப்படி மேஜையில் முட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஆமாம், ஓட்டின் மேல் கோலம் வரைவதை எழுதுவது என்றுதான் சொல்வார்கள், 'எழுதிய முட்டை' என்றே அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. கையில் கிஷிட்சா என்ற குச்சி, முனையில் மெல்லிய உலோகக் குழல், அதை உருகிய தேன்மெழுகில் தொட்டுத் தொட்டு இழுக்கிறார். எனக்கும் ஒரு முட்டை கொடுத்தார். மெழுகு பட்ட இடத்தில்தான் சாயம் பிடிக்கும் என்று நினைத்துவிட்டேன். நேர்மாறு! வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளை முதலில் மெழுகால் மூடிவிட்டு மஞ்சளில் முக்க வேண்டும், அப்புறம் மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிச் சிவப்பில், கடைசியில் கருப்பில். தப்பாகப் போட்டால் அழிக்க வழியில்லை. எல்லாம் முடிந்து மெழுகுவர்த்திச் சுடரோரம் காட்டித் துணியால் துடைத்தால்தான் என்ன வந்திருக்கிறது என்றே தெரியும். பாட்டியுடையதில் 'வழி தவறிய பாதை' என்கிற மடங்கி மடங்கிப் போகும் கோடு பளிச்சென்று வந்தது. என்னுடையதில் இரண்டு வெள்ளைப் புள்ளி, மிச்சமெல்லாம் கரி. பாட்டி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

—

மெழுகுக் குச்சி என்றதும் எனக்கு ஹொரெஸு ஞாபகம் வந்துவிட்டது. 2012இல் மண்பாண்டக் கலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்ததே, அந்த ருமேனிய ஊர். ஆண்கள் வனைய, பெண்கள் பூவேலை செய்கிறார்கள். காளைக் கொம்பைக் குடைந்து, முனையில் வாத்திறகுத் தண்டைச் செருகி, அதன் வழியாக நிறக் குழம்பை விட்டு வட்டம் போடுகிறார்கள். ஈரம் காய்வதற்குள் கம்பி முனைக் குச்சியால் குறுக்கே ஒரு இழுப்பு, சிலந்தி வலை தயார். நடுவில் சேவல் இருந்த தட்டு ஒன்று வாங்கினேன், அதில் சாதம் போட்டுச் சாப்பிட மனசு வராமல் சுவரில் மாட்டிவிட்டேன்.

—

நான் ருமேனியாவில் செய்தது முட்டையைக் கரியாக்கியதைவிட மோசம். மார்ச் 1 காலையில் ஆபீஸில் ஒருவர் பெண்கள் எல்லாருக்கும் மார்ட்ஸிஷோர் கொடுத்தார், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் குட்டித் தொங்கட்டம். அன்று மாலையே கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். சில நாள் போட்டிருந்துவிட்டு மரக்கிளையில் கட்டுவார்களாம், யாருக்குத் தெரியும்? மறுநாள் அவசரமாகத் தெருக்கடையில் இன்னொன்று வாங்கிக் குத்திக்கொண்டு போனேன். கொடுத்தவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.