பாதி வாட்டர்கலர், பாதி டேப்லெட்: படக்கதை புக் சொந்தமா போட யாராச்சும் வழி சொல்லுங்க

தூக்கணாங்குருவி:
எங்க ஆச்சி சொல்ற ஓணான் கதைய என் பொண்ணுக்காக வரைய ஆரம்பிச்சு இப்ப புக்காவே போட்டுரலாம்னு ஆசை வந்துருச்சு. கதை 22 பக்கம். மரம், வயக்காடு, ஓட்டு வீடெல்லாம் 300 ஜிஎஸ்எம் பேப்பர்ல வாட்டர்கலர், ஓணானும் ஆளுங்களும் மட்டும் டேப்லெட்ல கிரீட்டாங்கிற டிராயிங் சாஃப்ட்வேர்ல போடுறேன், ஏன்னா என் பொண்ணு தினம் ஒரு சட்டைக் கலர் மாத்தச் சொல்றா. ரெண்டையும் சேர்த்தா ஓணான் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தனியா நிக்குது. பிரஸ்ல கேட்டா 1000 காப்பி போட்டாத்தான் கட்டுப்படியாகும்ங்கிறாங்க. புக்குக்குக் குடுக்குற அடையாள நம்பர், அந்த ஐஎஸ்பிஎன் கண்டிப்பா வாங்கணுமா?

மஞ்சப்பை:
ஸ்டிக்கர் மாதிரி தெரியுறதுக்கு காரணம் அந்த வழவழப்புதாங்க. அதே பேப்பர்ல சும்மா தண்ணியா கலந்த கலர்ல ஒரு வெளிர் வாஷ் அடிச்சு காயவச்சு 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி, ஓணான் மேல மல்டிப்ளை லேயரா (மேல இருக்குறது கீழ உள்ள கலரோட கலந்து தெரியுற மோடு) போட்டுப் பாருங்க, பேப்பரோட சொரசொரப்பு அதுக்கும் வந்துரும். கலர புதுசா எடுக்காம உங்க பெயிண்டிங்ல இருந்தே கலர் பிக்கர் வச்சு எடுங்க, கறுப்பு அவுட்லைன அடர் பிரவுனாக்குங்க, காலுக்குக் கீழ கொஞ்சம் நிழல் விடுங்க. இன்னொண்ணு, ஸ்கேனர்ல ஆட்டோ கரெக்ஷன ஆஃப் பண்ணிருங்க. எனக்கு ஒரு தடவ வானத்துல போட்ட மெல்லிய நீலம் பூரா வெள்ளையாப் போச்சு, ரெண்டு நாளா பெயிண்டத் திட்டிட்டு இருந்தேன்.

பழைய டிடிபி:
தங்கச்சி, எழுத்த மட்டும் படத்துக்குள்ளயே அடிச்சு ஒட்டிராத. படம் தனி, எழுத்து தனி. பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர் ஸ்க்ரைபஸ் ஃப்ரீதான், புது வெர்ஷன்ல தமிழ் ஒழுங்கா வருது, பழசுல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிச்சுக்கும். எழுத்து வெறும் கறுப்பு மை 100 சதவீதத்துல இருக்கணும், நாலு கலரும் கலந்த கறுப்பா போனா ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சுத் தகடு, அதான் பிளேட், இம்மி நகர்ந்தாலும் எழுத்தச் சுத்தி கலர் கலரா விளிம்பு தெரியும். ஸ்கிரீன்ல பளிச்னு இருக்குற கிளிப்பச்சை பிரஸ்ஸோட நாலு மை கலர்ல, அதான் சிஎம்ஒய்கேல, மங்கிரும், உன் ஓணான் என்ன கலருன்னு தெரியல, இப்பவே மாத்திப் பாத்துக்க. சென்டர் பின்னுன்னா பக்கம் நாலால வகுபடணும், உன் 22ஓட டைட்டில் பக்கமும் பதிப்பு விவரம் போடுற இம்பிரிண்ட் பக்கமும் சேர்ந்தா கச்சிதமா 24, அட்டை தனி. 8 இன்ச் சதுரம் வச்சுக்கிட்டா விரிச்ச ரெண்டு பக்கமும் ப்ளீடோட (வெட்டுக்காக ஓரத்துல விடுற கூடுதல் படம்) ஏ3 பேப்பர்ல அடங்கிரும். சுத்தி 3 மிமீ ப்ளீடுக்கு கூடுதலா வரைஞ்சிருக்கணும், அது வெட்டுல போயிரும்.

கட்டிலுக்கடியில்800:
1000 காப்பி கதைய என்கிட்ட கேளுங்க, என் பேர பாத்தாலே புரிஞ்சிருக்கும். பிளேட் வச்சு அடிக்கிற ஆப்செட்ல பிளேட் செலவு 100 அடிச்சாலும் 1000 அடிச்சாலும் ஒண்ணுதான், அதான் ஒரு காப்பி விலை குறைஞ்ச மாதிரி காட்டி தலையில கட்டிருவாங்க. முதல்ல டிஜிட்டல் பிரிண்ட்ல ஒரு 50 போடுங்க, ஒரு காப்பிக்கு விலை ஜாஸ்திதான், ஆனா கட்டிலுக்கடியில இடம் மிச்சம். அதுக்கும் முன்னாடி நீங்க போடப்போற அதே பேப்பர்ல ஒரே ஒரு மாதிரிப் பிரிண்ட், அதான் ப்ரூஃப், கேட்டு வாங்குங்க. நான் கேக்கல, பளபள ஆர்ட் பேப்பர்ல அடிச்சுக் குடுத்துட்டாங்க, லைட்டு பட்டா படமே தெரியல, மேட் பேப்பர்னு வாயால சொன்னேன், எழுதி வாங்கல. ஐஎஸ்பிஎன் கட்டாயமில்ல, சொந்தக்காரங்களுக்குக் குடுக்க எதுக்கு? கடை, லைப்ரரின்னு போறதா இருந்தா ஐஎஸ்பிஎன் குடுக்குற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி சைட்ல எழுத்தாளரே அப்ளை பண்ணலாம், காசு கிடையாது.

தூக்கணாங்குருவி:
மல்டிப்ளை போட்டுப் பாத்தேன் மஞ்சப்பை, ஓணான் இப்பத்தான் மரத்துல ஏறிருக்கு! டிடிபி அண்ணே, ப்ளீடு தெரியாம பேப்பர் ஓரம் வரைக்கும் வரைஞ்சு தள்ளிட்டேன், ஒன்பது பக்கத்துல ஆச்சியோட கொண்டை வெட்டுல போயிரும் போல, என்ன பண்ண?

பழைய டிடிபி:
திரும்ப வரைய வேண்டாம். ஸ்கேன் பண்ணி படத்த லேசா சின்னதாக்கு, ஓரத்துல விழுற இடைவெளிய கிரீட்டால, ஒரு இடத்துப் படத்த இன்னொரு இடத்துல காப்பி பண்ற குளோன் பிரஷ் வச்சு வானத்த இழுத்து ரொப்பு. கொண்டை தப்பிச்சிரும்.