ஆரஞ்சுத் தோல் மிட்டாய்: கசக்கிறது, பாகும் பூத்துவிடுகிறது

கேள்வி: 3 ஆரஞ்சுத் தோலை நறுக்கி, பட்டை, கிராம்புடன் சர்க்கரைப் பாகில் கொதிக்கவைத்தேன். கசப்பு போகவில்லை, தோல் விறைத்துவிட்டது. ஆறியதும் பாகு மணல் மணலாகிவிட்டது. எங்கே தவறு?

பதில் 1: தோலை முதலில் வெறும் நீரில் வேகவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் போட்டு, கொதி வந்ததும் 5 நிமிடம் விட்டு வடியுங்கள். புது நீரில் இப்படி 3 முறை. கடைசி முறை மட்டும் நகத்தால் அழுத்தினால் அமுங்கும்வரை வேகட்டும். வேகாத தோலைச் சர்க்கரை இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாது.

பதில் 2: வெந்த தோல் 200 கிராமுக்குச் சர்க்கரை 300 கிராம், நீர் 300 மில்லி. சர்க்கரை கரைந்தபின் கரண்டியே போடாதீர்கள். விளிம்பில் ஒட்டிய ஒரு சர்க்கரைப் பரல் உள்ளே விழுந்தாலும் பாகு பூத்து மணல் மணலாகிவிடும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தத் தொல்லை குறையும். சிறு தீயில் சுமார் 45 நிமிடம், தோல் கண்ணாடிபோல் ஆகும்வரை.

பதில் 3: கிராம்பு 2 போதும், 15 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கூடினால் அதுவே கசக்கும், பழி தோல்மேல் விழும். பட்டை கடைசிவரை கிடக்கலாம். பொடி மட்டும் வேண்டாம், பாகு கலங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைச் சுரண்டணுமா?

பதில் 1: வேண்டாம். பாகை உறிஞ்சுவதே அதுதான்.