"நமக்கா சார் சொன்னாங்க?": தரையில் ஓடும்போது நடந்தவை

ஃபர்ஸ்ட் ஆஃபீசராக (துணை விமானியாக) இருந்தவன்:

வானத்தில் என்ன நடந்தது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது தரையில், சைக்கிளை விடக் கொஞ்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம். இரவு, நல்ல மழை, அதிகம் பழகாத விமான நிலையம், போதாததற்குக் கடைசி நேரத்தில் ரன்வேயை மாற்றிவிட்டார்கள். ரன்வே மாறினால் கணக்கெல்லாம் மறுபடி போட்டாக வேண்டும், அதனால் நான் குனிந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறேன், கேப்டன் ஓட்டுகிறார். அதாவது வெளியே பார்க்க ஒரே ஜோடிக் கண்தான். ரன்வேக்கு முன்னால் நிற்க வேண்டிய இடமான ஹோல்டிங் பாயிண்டில் தரையில் இரண்டு முழு மஞ்சள் கோடும் இரண்டு விட்டுவிட்ட கோடும் போட்டிருப்பார்கள், தேங்கிய தண்ணீரில் அதுவும் மங்கல்.

அந்த நேரம் பார்த்து, ரன்வேயைக் கடக்கலாம் என்று ரேடியோவில் கன்ட்ரோலர் குரல். வேறொரு டாக்ஸிவேயில் (ரன்வேக்குப் போகும் பாதையில்) நின்ற விமானத்தின் கால் சைனும், அதாவது ரேடியோவில் கூப்பிடும் பெயரும், எங்களுடையதும் கேட்க ஒரே மாதிரி, கடைசி இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறியவை (இப்படி எண் வைப்பவர்களை ஒருநாள் மழையில் டாக்ஸி செய்ய, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிப் போக, சொல்ல வேண்டும்). ரீட்பேக் கொடுக்க, அதாவது சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல, வேண்டியவன் நான். எனக்கோ பாதிதான் காதில் விழுந்தது. கேப்டன் அதற்குள் "கிராஸ் பண்ணலாம்" என்று சொல்லி நகர்ந்துகொண்டிருந்தார். அவர் பன்னிரண்டாயிரம் மணி நேரம் பறந்தவர், நான் நானூறு சொச்சம். கேட்டால் முட்டாள் என்று நினைப்பாரோ என்று ஒரு மூன்று விநாடி யோசித்தேன், அந்த மூன்று விநாடி இன்றைக்கும் உறுத்துகிறது. அப்புறம்தான் "நமக்கா சார் சொன்னாங்க?" என்று கேட்டேன். அவரும் நம்ம ஊர்க்காரர், அதனால் தமிழில்தான் வந்தது. பிரேக்கை அழுத்தினார். "கேளு" என்றார். கேட்டேன். "ஹோல்ட் ஷார்ட்" என்று பதில், ரன்வேக்கு முன்னாலேயே நில்லுங்கள் என்று அர்த்தம். ஒரு நிமிடம் கழித்து எங்களுக்கு முன்னால் ஒரு விமானம் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு இறங்கிப் போனது.

பயிற்சியில் எல்லோரும் டெனெரிஃப் படித்திருப்போம். 1977 மார்ச் 27, பனிமூட்டம், ரன்வேயிலேயே இரண்டு விமானங்கள் மோதிய விபத்து. கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கிய பிறகு அதன் ஃப்ளைட் இன்ஜினியர், பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகியாச்சு என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. 583 பேர் இறந்தார்கள். படிக்கும்போது, "இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே" என்று சுலபமாகத் தோன்றும்.

இன்னொருவர்:

ரீட்பேக் சரியாக இருந்தால் போதும் என்றும் இல்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படை விமானத்துக்கு "நம்பர் ஒன்" (புறப்படும் வரிசையில் முதல்) என்று கன்ட்ரோலர் சொல்லி, சி5 ஹோல்டிங் பாயிண்ட் வரை போகச் சொன்னார். விமானிகள் அதையே அப்படியே திருப்பிச் சொன்னார்கள், ஆனால் ரன்வேக்குள் போய் நின்றார்கள். இறங்கிய ஏ350 பயணிகள் விமானம் அதன் மேல் மோதியது. அதில் இருந்த 379 பேரும் தப்பினார்கள், சின்ன விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். வாய் சரியாகச் சொன்னது, மனசு வேறு புரிந்துகொண்டது.

முன்னாள் கேபின் க்ரூ:

என் கதையில் வில்லன் ஒரு பாட்டி. டாக்ஸி போய்க்கொண்டிருக்கும்போது எழுந்து டாய்லெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே நாற்பது நிமிடம் தாமதம். காக்பிட்டிலிருந்து கேபின் ரெடியா என்று கேட்கிறார்கள். முன்னாலிருந்த சீனியர் இன்டர்காமில் என்னிடம், "ரெடின்னு சொல்லிடலாம், அதுக்குள்ள வந்துடுவாங்க" என்றார். டாக்ஸியிலும் பத்தாயிரம் அடிக்குக் கீழேயும் காக்பிட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற ஸ்டெரைல் விதியை எங்களுக்கு மண்டையில் ஏற்றியிருந்தார்கள், ஆனால் பாதுகாப்பு விஷயம் என்றால் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "இல்லக்கா, ரெடி இல்லை" என்றேன். வரிசையை விட்டு ஒதுங்கி நின்றோம், பின்னால் நின்றவர்கள் முந்திப் போனார்கள், பயணிகள் முணுமுணுத்தார்கள். பாட்டி நிதானமாக வெளியே வந்து, "ஏம்மா, வண்டி ஏன் நின்னுருச்சு?" என்று என்னையே கேட்டார். சீனியர் அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

புஷ்பேக் ஹெட்செட் ஆள்:

நீங்கள் எல்லாம் கேட்டவர்கள். நான் கேட்காமல் விட்டவன். விமானத்தைப் பின்னால் தள்ளும் முன் நான் ஹெட்செட்டில் பார்க்கிங் பிரேக் விட்டாச்சா என்று கேட்க வேண்டும், மேலிருந்து "பிரேக்ஸ் ரிலீஸ்டு" என்று பதில் வர வேண்டும். அன்று பக்கத்தில் நின்ற விமானத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "பிரேக்ஸ்" மட்டும் கேட்டது, மிச்சத்தை நானே போட்டுக்கொண்டு டிரைவருக்குக் கை காட்டினேன். மேலிருந்து சொன்னது "பிரேக்ஸ் செட்", அதாவது பிரேக் போட்டிருக்கிறது. தள்ளும் வண்டி தள்ளியது, விமானம் அசையவில்லை, இரண்டையும் இணைக்கும் டோ பாரில் உள்ள ஷியர் பின் படாரென்று முறிந்தது. முறிவதற்காகவே வைத்த பின் அது, இல்லாவிட்டால் முன் சக்கரத்துக்கு அடி. விமானம் தப்பித்தது, எனக்கு மெமோ.

அதற்குப் பிறகு எதையும் இரண்டு தடவை கேட்காமல் விடுவதில்லை. போன மாதம் ஒரு கேப்டன் கடுப்பாகி, "காது கேக்காதா உனக்கு?" என்றார். "ரெண்டு இன்ஜினுக்கு நடுவுல நிக்கிறேன் சார், கேக்காது" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி சொன்னார், இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக.