ஏப்ரல் கடைசியில் கானா: 64 வயது அம்மா, 9 வயது மகன், வெயில் தாங்குமா?

காவேரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். அக்காவும் மாமாவும் கானாவில் தேமா துறைமுகத்துப் பக்கம் இருக்கிறார்கள். மூன்று வருடமாகக் கூப்பிடுகிறார்கள். மகனுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரல் 20-க்கு மேல்தான் கிளம்ப முடியும். மொத்தம் பன்னிரண்டு நாள். நான், கணவர், மகன், அம்மா.

போட்ட திட்டம் இது: அக்ரா 3 நாள், இரவு பஸ்ஸில் வடக்கே தமாலே, அங்கிருந்து மோலே தேசியப் பூங்காவில் யானை பார்த்துவிட்டு, குமாசி வழியாக இறங்கி கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகள்.

அக்கா போனில், "வடக்கே மட்டும் வேண்டாம்டி, வெந்துபோய்விடுவீர்கள்" என்கிறாள். என் கணவரோ திருச்சி அக்னி நட்சத்திரத்தில் பைக் ஓட்டியவர். 39 டிகிரியெல்லாம் ஒரு வெயிலா என்கிறார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, தினமும் மாத்திரை (அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை). எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது? போனவர்கள் சொல்லுங்கள்.

தேமாபுளிமா:
எட்டு வருடமாகத் தேமாவில்தான் குப்பை கொட்டுகிறேன். (யாப்பிலக்கணத் தேமா இல்லை, துறைமுகத் தேமா. பெயரை விட மனசு வரவில்லை.) உங்கள் அக்கா சொல்வது பாதி சரி.

கானாவில் இரண்டு வெயில் உண்டு, தங்கச்சி. கடலோரத்தில் அக்ரா, கேப் கோஸ்ட் எல்லாம் ஏப்ரலில் 31, 32 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் புழுக்கம். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு ராத்திரியும் விடாது. தூத்துக்குடியில் ஜூன் மாதம் மின்விசிறி நின்றுபோன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே தமாலேயில் மார்ச், ஏப்ரல்தான் வருடத்தின் உச்சம். மழை பெரும்பாலும் மே மாதம்தான் பிடிக்கும். அதற்கு முன்னால் 38, 40 என்று வேலூர்க் கணக்கில் காயும்.

இதில் ஒரு வினோதம். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் வடக்கே சில்லென்று இருக்கும், சீக்கிரமே காய்ந்தும் போகும். அதே துண்டு கேப் கோஸ்டில் சாயந்திரம் வரை ஈரமாகவே கிடக்கும், குளிர்ச்சியும் இருக்காது. காற்றே ஈரம், வியர்வை எங்கே போகும்? அதனால் 32 தானே என்று கடலோரத்தை லேசாக நினைக்காதீர்கள்.

தங்கும் இடத்தில் ஏசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்வெட்டுக்கு இங்கே "டும்சோர்" என்று தனிப்பெயரே உண்டு. அணைப்பது, ஏற்றுவது என்று பொருள். நம் ஆற்காட்டார் காலத்து ஞாபகம் வரும்.

ஊர்சுற்றி:
அந்த இரவு பஸ்ஸை முதலில் அடியுங்கள். அக்ராவிலிருந்து தமாலே 600 கிலோமீட்டருக்கு மேல். பன்னிரண்டு மணி நேரம் என்பார்கள், அதற்கு மேலும் ஆகும். நான் போனபோது கிந்தாம்போ தாண்டியதும் ஏசி படுத்துவிட்டது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், ஐம்பது பேர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா தன் துணியை நனைத்து என் தலையில் போட்டார், பேச்சே இல்லாமல். காலை ஒன்பது மணிக்குத் தமாலேயில் இறங்கும்போது கால் நடுங்கியது. அப்போது எனக்கு வயது 31.

விமானத்தில் ஒரு மணி நேரம்தான். காசு போனால் போகிறது. தமாலேயிலிருந்து மோலேக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம்.

ஆனால் மோலேயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். காய்ந்த காலத்தில்தான் யானை கண்ணில் படும். காட்டுக்குள் தண்ணீர் வற்றிவிடுவதால், விடுதிக்குக் கீழே இருக்கும் குட்டைக்கே வந்து நிற்கும். மழை பிடித்துவிட்டால் புல் ஆளுயரம், யானை எங்கே என்று தேட வேண்டியதுதான். துப்பாக்கியோடு வரும் வனக்காவலருடன் நடந்தே போகலாம். காலை ஏழு மணி நடைக்குப் போங்கள், பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மதியம் யாரும் அசையக்கூடாது. பபூன் குரங்குகள் மட்டும் அசையும்.

பக்கத்து ஊரான லாராபங்காவில் மண்ணும் மரக்கட்டையுமாகக் கட்டிய பழைய மசூதி இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கட்டைகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். முஸ்லிம் அல்லாதவர் வெளியே நின்றுதான் பார்க்கலாம், சாயந்திர வெளிச்சத்தில் அதுவே போதும்.

வடகிழக்கு மூலையில் பாவ்கூ பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டாம். அங்கே நெடுநாள் இனமோதல், புர்கினா ஃபாசோ எல்லையும் பக்கம்.

நாடோடி_77:
திருச்சிக்காரர் வெயிலுக்குப் பயப்படுவதா? 😄

மாத்திரைப்பெட்டி:
பயப்பட வேண்டியது வெயிலுக்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. யாருமே கேட்கவில்லையே, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா?

கானாவுக்குள் நுழையவே அந்தச் சான்று வேண்டும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016-லிருந்து அதுதான் விதி. எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்தில்தான்.

அம்மா விஷயத்தில் கவனம். அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்கு, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் பேசாமல் போட வேண்டாம். "விலக்குக் கடிதம் வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அதை இரண்டு பக்கமும் ஏற்பார்களா என்று துறைமுக சுகாதார அலுவலகத்திலும் தூதரகத்திலும் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மலேரியாவுக்கு மாத்திரை நிச்சயம் வேண்டும், அங்கே இருப்பது மோசமான வகை. டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் தோல் வெயிலில் சீக்கிரம் கருகும், திரும்பி வந்தும் 4 வாரம் விழுங்க வேண்டும். அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் வந்தபின் 7 நாள் போதும். பையனுக்கு எடையை வைத்துத்தான் அளவு. வடக்கே போவதானால் மூளைக்காய்ச்சல் ஊசி பற்றியும் கேளுங்கள், டிசம்பரிலிருந்து ஜூன் வரை அந்தப் பக்கம் அதன் பருவம்.

நீர் பிரியும் மாத்திரை + வியர்வை + போதாத தண்ணீர் = எழுந்ததும் தலைசுற்றி விழுவது. தானாக நிறுத்த வேண்டாம், அளவை மாற்றணுமா என்று டாக்டர் சொல்லட்டும்.

தேமாபுளிமா:
மேலே சொன்னது சத்தியம். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். இங்கே தண்ணீரை "பியூர் வாட்டர்" என்று அரை லிட்டர் பிளாஸ்டிக் பையில் விற்பார்கள், தலையில் அண்டாவைச் சுமந்து சிக்னலில் ஓடிவந்து கொடுப்பார்கள். மூலையைக் கடித்து உறிஞ்ச வேண்டும், முதல் தடவை சட்டை நனையும். ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்துக்கு இரண்டு பை தண்ணீர், கணக்கு சரி. ஒரு டம்ளரில் மொத்தத்தையும் கொட்டிக் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு.

அம்மா சைவமா? அப்படியானால் வாச்சே சாப்பிடலாம், காராமணியும் அரிசியும் சோள இலையோடு வேகவைத்துச் செந்நிறமாக இருக்கும். கூடக் கொடுக்கும் கறுப்புக் காரத் துவையலை மட்டும் வாங்க வேண்டாம், கருவாடு சேர்த்தது.

காவேரிக்கரை:
மாத்திரைப்பெட்டி, நீங்கள் சொல்லாவிட்டால் நான் ஊசியைக் கிளம்பும் வாரத்தில்தான் நினைத்திருப்பேன். மிக்க நன்றி.

இரண்டு வாரம் கழித்து நிலவரம்: குடும்ப டாக்டர் அம்மாவின் பழைய ரிப்போர்ட் எல்லாம் பார்த்து, ஆபத்தையும் சொல்லிவிட்டு, போடலாம் என்று எழுதிக்கொடுத்தார். நாலு பேரும் சென்னைக்குப் போய் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். அம்மாவுக்கு ஒருநாள் உடம்புவலி, அவ்வளவுதான். ஊசிச் சான்றான மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் மோலே பிரச்சினை. வீட்டில் மூன்று நாள் இதே பேச்சு. கடைசியில் அம்மா சமையல்கட்டிலிருந்து, "யானையை நான் ஸ்ரீரங்கத்திலேயே பார்த்தாச்சு. நான் வருவது பெரியவளைப் பார்க்க" என்று சொல்லிவிட்டார். இது எங்கள் மூளைக்கு எட்டவே இல்லை.

ஆக, அம்மா அக்கா வீட்டில். நாங்கள் மூன்று பேர் மட்டும் தமாலேக்கு விமானம், மோலேயில் இரண்டு இரவு, திரும்பவும் விமானம். குமாசி இந்த முறை இல்லை. கேப் கோஸ்டுக்கு எல்லோரும். கோட்டையில் அம்மாவுக்குச் சிரமம் இருக்குமா?

தேமாபுளிமா:
கேப் கோஸ்ட் கோட்டையின் நிலவறைகளில் காற்றே கிடையாது. அடிமைகளை நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்த இடம். திறந்தவுடன் முதல் குழுவோடு போங்கள். அம்மா விரும்பினால் மேல்தளத்தில் கடற்காற்றில் உட்காரட்டும், பையனுக்கு முன்கூட்டியே கொஞ்சம் சொல்லி அழைத்துப் போங்கள். எல்மினா 1482-இல் போர்த்துகீசியர் கட்டியது. ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். போகும் வழியில் காசோவா என்ற ஊரில் போக்குவரத்து கழுத்தை நெரிக்கும், விடியற்காலையில் தேமாவை விட்டுவிடுங்கள். கடலில் கால் நனைப்பதோடு சரி, இழுப்பு அதிகம்.

ஊர்சுற்றி:
மோலேயில் பையன் கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கக்கூடாது. அறைக் கதவைத் தாழ் போடாமலும் போகாதீர்கள். என் வாழைப்பழச் சீப்பு போன விதம் அப்படித்தான்.

காவேரிக்கரை:
பையன் இதைப் படித்துவிட்டு, பபூனுக்கு என்றே ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். பெட்டியிலிருந்து இரண்டு தடவை எடுத்துவிட்டேன்.