சாவி கொடுக்காமல் நின்ற வலிப்பு

குலசேகரம் பக்கம், உடற்கல்வி ஆசிரியர்:

பணியிடைப் பயிற்சிக்கு ஆர்டர் வந்தால் நான் முதலில் பார்ப்பது இடம் எது என்றுதான். நாகர்கோவில் என்றால் பஸ்ஸில் போய் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். போன வருடப் பயிற்சியும் காலையில் வழக்கம்போலத்தான் இருந்தது. சுவரில் படம் ஓடியது, கடைசி பெஞ்சில் இரண்டு பேர் கண்ணயர்ந்தார்கள். அதில் ஒருவன் நான்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தரையில் பாய் விரித்து, இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு பொம்மையைக் கிடத்தினார்கள். நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சி, ஆளுக்கு இரண்டு நிமிடம். மார்பு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடியை வைக்க வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆழம் சரியாக இருந்தால் பொம்மைக்குள் ‘டிக்’ என்று கேட்கும். கபடி ஆடி வளர்ந்த உடம்பு, இதென்ன பெரிய காரியம் என்று முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் வரை டிக் டிக் என்று வந்தது. பிறகு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது, அப்புறம் நின்றேபோனது. நான் என்னவோ அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். வியர்வை பொம்மையின் நெஞ்சில் சொட்டுகிறது, டிக் மட்டும் வரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று காலையில் படம் போட்டுச் சொன்னதை அப்போதுதான் என் தோள்பட்டை புரிந்துகொண்டது.

அதே நாள் சாயங்காலம், எல்லாரும் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கும் நேரத்தில், வலிப்பு பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். எனக்கு உதவியது அந்த அரை மணி நேரம்தான்.

மூன்று மாதம் கழித்து கோ-கோ பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்து வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தான். பிள்ளைகள் எல்லாம் “சார், சாவி! சாவி!” என்று கத்துகிறார்கள். வாட்ச்மேன் அண்ணன் கேட் சாவிக்கொத்தோடு ஓடி வந்துவிட்டார். நான் வாங்கவில்லை. என் டிராக் சூட் மேல்சட்டையைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தேன், பக்கத்தில் கிடந்த கல்லைத் தள்ளிவிட்டேன், ஒருக்களித்துப் படுக்க வைத்து வாட்சைப் பார்த்தேன். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதால் போன் கையிலேயே இருந்தது.

“பிள்ளைக்கு ஒரு இரும்பு குடுக்கப்பிடாதா சார்?” வாட்ச்மேன் அண்ணன் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில் தானாக நின்றது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடுமாம். இத்தனை நாளும் பேர் வாங்கிக்கொண்டது சாவி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதேபோல் ஒரு பையனுக்கு, நாக்கைக் கடித்துவிடக் கூடாதே என்று ஸ்பூனால் வாயைத் திறந்தேன். பல் ஒன்று உடைந்தது. அவன் அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

குளச்சல் பக்கம், டீச்சர்:

சார், எங்கள் பக்கம் பிரச்சினையே வேறு. கடற்கரைப் பிள்ளைகளுக்குக் காலில் பந்து இல்லாவிட்டால் சோறு இறங்காது. இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் பிறந்த இரவிபுத்தன்துறையும் இதே கடற்கரைதானே. வாரம் ஒரு கணுக்காலாவது பிசகும். பிசகிய அன்றே வீட்டில் தைலம் போட்டுச் சூடு பறக்கத் தேய்த்துவிடுவார்கள், காலையில் கால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது என்று பயிற்சியில்தான் எனக்கே தெரிந்தது.

ஐஸுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் கேட்டால் ஒரு பை அள்ளிப் போடுவார்கள். துணியில் சுற்றி 15 நிமிடம். வாடை அடிக்கும், வீக்கத்துக்கு அது தெரியாது. அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் நேராக எக்ஸ்ரே. மற்றபடி, சுளுக்கு எடுக்கும் வர்ம ஆசானிடம் போகாதீர்கள் என்று நம்ம குமரி ஜில்லாவில் யார் சொல்லிக் கேட்பார்கள்? என் அப்பாவே கேட்கமாட்டார். அதனால் “மூணு நாள் கழிச்சுப் போங்க” என்கிறேன். அதைக் கேட்கிறார்கள்.

ஓய்வு பெற்ற பி.டி. (உடற்கல்வி) மாஸ்டர்:

ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவன் நான். கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பெண் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன பேச வேண்டும் என்று மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. “நடிக்காதே, எழும்பு” என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேனோ. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு பயிற்சியில் டாக்டர் அம்மா ஒருவர் மாதவிடாய் வலி பற்றிப் பேசினார். ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் முதல், ஓடாதவர்கள் ஸ்கோர் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று வைத்தேன். ஏமாற்றியவர்களும் உண்டு, போகட்டும்.

இன்னொரு சங்கடம், நம்ம ஜில்லாவுக்கு இரண்டு பருவமழை. ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மழை பெய்தால் நம்ம பீரியட் கணக்கு சாருக்கு. அதை மீட்க யாராவது பயிற்சி கொடுத்தால் சொல்லுங்கள், இப்போதும் வருகிறேன்.

குலசேகரம் பக்கம், உடற்கல்வி ஆசிரியர்:

சாருக்கு: நான் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. சாக்கில் தும்பு (தேங்காய் நார்) அடைத்து, நடுவில் காலித் தண்ணீர் பாட்டிலைச் செருகி, மழை நாளில் வராந்தாவில் நாலு சாக்கு போட்டுவிடுவேன். அமுக்கினால் பாட்டில் ‘டப்’ என்கிறது, அதுதான் எங்கள் ‘டிக்’. கணக்கு சாரும் ஒரு நாள் வந்து அமுக்கிப் பார்த்தார், ஒரு நிமிடம் தாங்கவில்லை.

அந்தப் பையன் கோ-கோ ஆடுகிறான். வலிப்பு இருப்பது தெரிந்தால் விளையாட விடமாட்டோம் என்று பயந்துதான் வீட்டில் மறைத்திருக்கிறார்கள். இப்போது மாத்திரை ஒழுங்காகப் போகிறது, டாக்டர் சீட்டும் என்னிடம் இருக்கிறது.

பாட்டில்தான் வாரத்துக்கு இரண்டு நசுங்குகிறது. எந்தப் பள்ளியிலாவது பழைய பொம்மை சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே பைக்கில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.